கைச்சாத்தும் கைநாட்டும்

(கையொப்பச் சேகரிப்பாளர்கள் தத்தம் அரும்பொருள்களைக் காட்சிக்கு வைத்திருந்த கண்டி நகர மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இக்கூட்டத்துக்கு எம்மை அழைத்த அன்பர்கள் ஒரு நிபந்தனை விதித்தார்கள். "வெறுங்கையோடு வரலாகாது, உங்களிடம் உள்ளவற்றுள் மிக உயர்ந்ததெனக் கருதும் கையொப்பம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும்" என்றார்கள். வழக்கறிஞர் தொழில் புரிவோரிடம் கையொப்பத்துக்குப் பஞ்சமா? எமது அலுவலகத்துத் தட்டுகளில் அவை கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை அகப்பட்டுக் கொண்டவர்கள் இட்ட கையொப்பங்கள். காட்சிக்கு உரியவை அல்ல.

மேடை ஏறுமுன் மேசைகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். முதல் மேசையில் ஒரு சிவப்புப் பந்து. அதன்மேல் முத்தையா முரளிதரன் அவர்களின் கைச்சாத்து. 2007 டிசம்பர் 3-ஆம் நாள் இதே நகரின் அஸ்கிரிய மைதானத்தில் 709-ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி உலகச் சாதனையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டவர். பின்னர் 800 வரை சென்றவர். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியின் பழைய மாணவர். அந்தப் பந்தைச் சுற்றித்தான் இளைஞர் கூட்டம் நெருங்கி நின்றது. அடுத்த மேசையில் எம்.ஜி.ஆர். கையொப்பமிட்ட புகைப்படம். 1917-இல் இக்கண்டியிலே பிறந்த குழந்தை தமிழகத்தின் முதலமைச்சராயிற்று என்பதை நாம் சொல்லித்தானா நீங்கள் அறிய வேண்டும்? அப்படத்துக்கு என்ன விலை கேட்டாலும் கொடுக்க ஒருவர் ஆயத்தமாக நின்றார். படத்துக்குரிய முதியவரோ விற்பதற்கு ஆயத்தமாக இல்லை. அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தைக் கண்டபோது, இச்சேகரிப்பு வெறும் பொழுதுபோக்கன்று என்பதை உணர்ந்தோம்.

கையொப்பத்தை மனிதர் ஏன் போற்றுகின்றனர்? அந்தப் பெரியவரின் கை, இந்தத் தாளின்மேல், இந்த இடத்திலே ஊன்றியது என்ற உறுதிதான் காரணம். அச்சிட்ட நூலில் அவ்வுறுதி இல்லை. மகாத்மா காந்தி இதனை நன்கு அறிந்திருந்தார். முப்பதுகளில் தம்மிடம் கையொப்பம் கேட்டு வருவோரிடம் 5 ரூபாய் பெற்று அரிசன நிதியில் சேர்த்தார். தம் பெயரை எழுதுவதற்கு விலை வைத்தவர், அவ்விலையை ஏழைக்கு உரிமையாக்கினார். அவர் 1927 நவம்பரில் இத்தீவுக்கு வந்து கண்டியிலும் மலைநாட்டிலும் பேசியபோது நம் தோட்டத்து மக்கள் கூலிக்காசை நிதியில் இட்டுவிட்டுப் போனார்கள். பெரும்பாலோர்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையொப்பம் கேட்பதற்கு அவர்களிடம் ஏடும் இல்லை.

மலைநாட்டு எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை இளைஞராக இருந்தபோது, 1934-இல் இலங்கை வந்த கவியரசர் தாகூரிடம் தாம் ஆங்கிலத்தில் எழுதிய கவிதை நாடகத்தைக் கொண்டுசென்று கொடுத்தார். பெரியோரிடம் பெறுவதற்கே எல்லோரும் செல்லும்போது, தோட்டத்திலே பிறந்த பிள்ளை கொடுப்பதற்குச் சென்றான் என்பதை எண்ணிப் பாருங்கள்! அவரே 1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். அவரை அனுப்பிய மக்களின் வாக்குரிமைக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

இனி, நாம் கொண்டுவந்தவற்றுக்கு வருவோம். இரண்டு பொருள்கள். ஒன்று ஒரு நகல்; மற்றது ஒரு பால்மாத் தகரடப்பா.

முதலில் நகல். இதன் அசல் எம்மிடம் இருக்குமாயின் நாம் இங்கு நின்றுகொண்டிருக்க மாட்டோம், விளக்கமறியலில் இருப்போம். அசல் இலங்கைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. 1815 மார்ச் 2-ஆம் நாள் இந்நகரின் மகுல் மடுவையில் வாசிக்கப்பட்ட கண்டி உடன்படிக்கையின் கைச்சாத்துப் பக்கம் இது. இத்தீவில் இடப்பட்ட கையொப்பங்களுள் இவற்றைக் காட்டிலும் அதிக விலை கொடுத்தவை வேறு உளவோ?

ஒரு பக்கத்தில் தேசாதிபதி ரொபேட் பிரவுண்ரிக். மறுபக்கத்தில் எகலப்பொல, மொல்லிகொட, பிலிமத்தலாவ, ரத்வத்த முதலிய கண்டிப் பிரதானிகள். பிடிபட்ட மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பின்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832-இல் அங்கேயே இறந்தான். 12 பிரிவுகள் கொண்ட அவ்வுடன்படிக்கை நாட்டைப் பிரித்தானிய முடிக்கு உரியதாக்கியது. மூன்றாம் பிரிவை மட்டும் சற்று நிதானித்துப் படியுங்கள். மன்னனின் உறவினர் எனப்படும் ஆடவர் அரசின் பகைவர் என்கிறது. நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆடவர் எவரும் திரும்பி வரலாகாது என்கிறது. தென்னாட்டாரை, சிறப்பாகத் தமிழரை, ஆங்கிலேயர் அன்று மலபாரிகள் என்றே எழுதினர்.

அப்படியொரு பிரிவைக் கொண்ட தாளின் அடியில் கைச்சாத்திட்ட பிரதானிகளுள் சிலர் எந்த எழுத்தில் கைச்சாத்திட்டனர்? தமிழ் எழுத்தில்! தமிழரை வெளியேற்றும் தாளிலே தமிழ் எழுத்து! இதை நாம் முதன்முதலில் சட்ட மாணவராக இருந்த காலத்தில் ஒரு நூலின் படத்தில் கண்டோம். நெடுநேரம் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை.

இதனைக் காட்டிக் கண்டி இராச்சியமே தமிழருடையது என்று மேடையில் முழங்குவோர் உளர். அவர்களோடு நாம் உடன்படுவதில்லை. தமிழில் ஒப்பமிட்டமையால் ஒருவர் தமிழராகிவிடார். நம்முள் எத்தனை பேர் வங்கிக் காசோலையில் ஆங்கிலத்தில் ஒப்பமிடுகின்றோம், நாமெல்லாம் ஆங்கிலேயரா? ஆனால், அது காட்டும் உண்மை ஒன்றுண்டு. அன்றைய கண்டி அரசவையிலே தமிழ் எழுத்து அந்நியமாக இருக்கவில்லை. சிங்களப் பிரதானி ஒருவர் தம் வாழ்வின் மிகப் பெரிய தாளில், கூச்சமின்றித் தமிழெழுத்தில் தம் பெயரை இட முடிந்தது. அந்த நாகரிகம் எங்கே, பின்னாளில் ஓர் எழுத்துக்காக நாடு பட்ட பாடு எங்கே!

ஆம், ஓர் எழுத்து. கண்டி மன்னர் நிலம் வழங்கிய சன்னாசுகளில் தம் பெயரை எழுதுவதில்லை. 'ஸ்ரீ' என்ற ஒற்றை எழுத்தே அரசரின் ஒப்பம். தென்னாட்டிலிருந்து வந்த நாயக்க மரபினரான கடைசி மன்னர்களும் அவ்வாறே இட்டனர். அருளின் அடையாளமாக இருந்த அவ்வெழுத்தைத்தான் சிங்கள வடிவில் வாகன இலக்கத் தகடுகளில் ஏற்றினார்கள். 1958-இல் அதனை எதிர்த்துக் கிளர்ச்சி, எதிர்க்கிளர்ச்சி, அவ்வாண்டின் இரத்தக்களரி. மன்னர் கையால் நிலம் கொடுத்த எழுத்து, மந்திரிகள் கையில் வந்தபோது வீடுகளைப் பறித்தது.

மீண்டும் 1815-க்கு வருவோம். இரு தரப்பாரும் இட்ட கையொப்பம் எத்தனை காலம் நின்றது? 1817-இல் ஊவா வெல்லச மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 1818 நவம்பர் 21-ஆம் நாள் தேசாதிபதி ஒரு பிரகடனம் விடுத்தார். பிரதானிகளின் அதிகாரங்கள் குறுக்கப்பட்டன. அப்பிரகடனத்துக்குப் பிரதானிகளின் கைச்சாத்து வேண்டப்படவில்லை. மூன்று ஆண்டும் எட்டு மாதமும் சென்றபின் ஒரு தரப்பின் கையெழுத்தே போதுமானதாயிற்று! அதே மாதம் 26-ஆம் நாள் கெப்பெட்டிபொல போகம்பறையில் தலை வெட்டப்பட்டார். அவருடைய மண்டையோட்டையும் ஒரு 'சேகரிப்பாளர்' எடின்பரோவுக்குக் கொண்டுசென்றார். 1948-இல்தான் அது திரும்பி வந்தது. சேகரிப்பு என்னும் ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்நகரமே சாட்சி. உங்களை நாம் குறை கூறவில்லை, அன்பர்களே! உங்கள் மேசைகளில் தாள்களும் பந்துகளும் மட்டுமே உள்ளன.

உடன்படிக்கை தடுத்த 'மலபாரிகள்' திரும்பி வராமலா போனார்கள்? எட்டே ஆண்டுகள்! 1823-இல் கம்பளைக்கருகே சிங்கபிட்டியில் கோப்பி பயிரிடத் தொடங்கியபோது தமிழகத்திலிருந்து ஆட்கள் வருவிக்கப்பட்டனர். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோதும் உழைத்த கை நம்முடையது. அரசன் உறவினராக வந்தால் பகைவர். கூலியாக வந்தால் வருக வருக! முதலாளிக்கு ஆள் தேவைப்பட்டபோது மூன்றாம் பிரிவை எவர் நினைத்தார்?

இங்கே கையொப்பத்தின் வேறொரு வரலாறு தொடங்குகின்றது. அதனை எந்த ஏலக்கடையிலும் காண மாட்டீர்கள்.

'துண்டு' என்ற சொல் நம் முதியோர்க்குத் தெரியும். தோட்டத்துத் துரை கைச்சாத்திட்ட ஒரு சிறு தாள். இன்ன கங்காணியின் கீழுள்ள இத்தனை ஆட்களின் பேரில் இவ்வளவு ரூபாய் கடன் உண்டு. அதனைத் தீர்ப்பவரிடம் இவர்களை விட்டுவிடுவோம் என்பது அதன் பொருள். அத்துண்டின்றி ஒரு தொழிலாளி அடுத்த தோட்டத்துப் பெரட்டிலே போய் நிற்க முடியாது. அடுத்த தோட்டத்துத் துரை கடனைக் கட்டி ஆட்களைப் பெற்றுக்கொள்வார். கடன் தீராது, கடன்காரர் மட்டும் மாறுவார். ஒரு மனிதன் மலையின் இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் போவதற்கு மற்றொரு மனிதனின் கைச்சாத்து வேண்டும்! 1921-இல் சட்டத்தால் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது. ஆயினும் வேலையினின்று விலக்கும் 'பத்துச்சீட்டு' நின்றது. துண்டு கிடைக்காமையால் போக முடியாதிருந்தவன், பத்துச்சீட்டு கிடைத்தமையால் இருக்க முடியாதவனானான். லயத்து அறையையும் அன்றே விட வேண்டும். இரண்டிலும் கையெழுத்து ஒருவருடையது, வாழ்வு மற்றொருவருடையது.

ஒரு துரையின் துண்டு இன்று எவரிடமாவது இருந்தால், அதன் பக்கத்தில் இந்த மண்டபத்துப் பொருள்கள் யாவும் மங்கிவிடும் என்பது எமது துணிபு. முரளியின் பந்துங்கூட. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் பாட்டனாரும் தமிழகத்திலிருந்து இத்தேயிலை மலைக்கு உழைக்க வந்தவரே.

இனி, தகரடப்பா.

சில ஆண்டுகளுக்கு முன் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு முதிய அம்மையார் எம்மைத் தேடி வந்தார். ஆயுள் முழுதும் கொழுந்தெடுத்தவர். அவருடைய சேமலாப நிதியைப் பெறுவதில் இடர். செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். மூவரும் ஒருவரே என்று நிறுவ வேண்டும். ஓர் அலுவலகம் அவரை எட்டுத் தடவை நடக்க வைத்திருந்தது. "வீட்டில் ஏதாவது பழைய கடதாசி இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டோம். அடுத்த முறை இந்த டப்பாவோடு வந்தார். அதனுள் துணியில் சுற்றி ஒரு தாள். அவருடைய தந்தையார் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்ததன் பிரதி, ஆண்டு 1951. அடியில் நீல மையில் பெருவிரற் பதிவு. அதன் அருகே, இன்னாருடைய இடது பெருவிரல் என்று எழுதுவினைஞர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அம்மையார் தாளைத் தொடாமல் அந்தப் பதிவைச் சுட்டிக் காட்டினார். "ஐயா, இது எங்கப்பாவோட வெரல்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தந்தையாரின் புகைப்படம் ஒன்றுகூட அக்குடும்பத்தில் இல்லை.

அத்தாளின் பின்னாலுள்ள கதையை இளைஞர்கள் அறிய வேண்டும். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949-இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு வாக்குரிமையும் போயிற்று. 1947-இல் வேலுப்பிள்ளை உட்பட எழுவரை இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் பாராளுமன்றுக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்குச்சாவடியின் வாசலுக்கும் செல்லவியலாதவராயினர். நீதிமன்றம் ஏறிப் பார்த்தோம். கோடகன் பிள்ளை அவர்களின் வழக்கு இலண்டன் கோமறை மன்றம் வரை சென்றது. 1953-இல் அங்கும் தோற்றது.

இடையில் ஒரு வாயில் திறந்தது: 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்க இந்திய, பாக்கித்தானிய வதிவோர் சட்டம். மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் 1946-க்கு முன் இடையறாது இங்கு வசித்தமைக்குச் சான்று காட்ட வேண்டும். 1951 ஆகஸ்டு 5-ஆம் நாள் இறுதித் தவணை. முதலில் புறக்கணிப்பதா, விண்ணப்பிப்பதா என்ற விவாதத்திலே காலம் சென்றது. பின்னர் லயந்தோறும் விண்ணப்பம் எழுதினார்கள். சுமார் 2,37,000 விண்ணப்பங்கள். அவற்றில் அடங்கியோர் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஏற்கப்பட்டவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. ஆறில் ஒருவருக்கும் குறைவு! ஏனையோர் இங்கு வாழாதவர்களா? வாழ்ந்தார்கள், தாள் இல்லை. வெள்ளத்திலும் கறையானிலும் போனது, கங்காணி வாங்கி வைத்துக்கொண்டது, ஒருபோதும் எவரும் எழுதிக் கொடுக்காதது. வேலை செய்ததற்கு மலையே சாட்சி. மலை சாட்சிக் கூண்டில் ஏறுமா?

'கைநாட்டு' என்று நாம் ஏளனமாகச் சொல்கின்றோமே, அந்தச் சொல்லை இனிச் சொல்லாதீர்கள். எழுத்தறிவைக் கொடுக்காத தோட்டம் கற்பித்த ஒரே கையெழுத்து அது. சட்டத்தின் முன் அது எந்தக் கைச்சாத்துக்கும் குறைந்ததன்று. ஒரு வகையில் மேலானது: முரளியின் கையொப்பத்தைக் கள்ளமாக இடுவோர் உண்டு என்று இங்குள்ள சேகரிப்பாளர் ஒருவரே எமக்குச் சொன்னார், பெருவிரலின் வரியை எவர் இட்டு நிரப்ப முடியும்?

1964 அக்டோபர் 30-ஆம் நாள் புதுதில்லியில் இரண்டு கையொப்பங்கள் இடப்பட்டன. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா ஒன்று. லால் பகதூர் சாஸ்திரி மற்றொன்று. 9,75,000 பேரின் விதி அதில் அடங்கியது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேரை இலங்கை ஏற்பது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்பது. 1974-இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தனர். அந்த ஒன்பதே முக்கால் இலட்சம் பேருள் ஒருவருடைய கைச்சாத்தும் அத்தாளில் இல்லை, கைநாட்டும் இல்லை. 1815-இல் பிரதானிகளிடமாவது கையொப்பம் கேட்டார்கள்! கண்டிப் புகையிரத நிலையத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற வண்டிகளில் பெட்டியோடு ஏறியவர்கள் சிலருடைய கையில் உறவினரின் பெயரெழுதிய துண்டுத் தாள் இருந்தது. நாடற்றோரின் பிரச்சினைக்கு 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தால் முடிவு காணப்பட்டது. 55 ஆண்டுகள்!

எல்லாம் முடிந்துவிட்டதென்றால் பழைய தாள் எதற்கு என்று கேட்பீர்கள். அந்த அம்மையாருக்கு 1951-ஆம் ஆண்டுத் தாள் எவ்வாறு பயன்பட்டது என்று கேளுங்கள். அதில் தந்தையின் பெயரோடு மக்களின் பெயர்களும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. நம் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு சொல்கின்றது: 30 ஆண்டு பழைய ஆவணம், உரிய காவலிலிருந்து வெளிப்படுமாயின், அதன் கையொப்பம் உண்மையானதே என நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். 'உரிய காவல்' என்பதைக் கவனியுங்கள். இயல்பாக எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது என்பதே அதன் பொருள். இரும்புப் பெட்டகம் வேண்டியதில்லை. தந்தையின் தாளுக்கு மகளின் லயத்து அறையிலுள்ள பால்மா டப்பாவைவிட உரிய காவல் எது? அவர் பணத்தைப் பெற்றார். பெறுவதற்கு முன் எமக்குத் தந்த கட்டணம் ஒரு பொட்டலம் தேயிலைத்தூள்; அது போதும்.

இன்னொரு கையொப்பம் உண்டு. அதை இம்மண்டபத்தில் எவரும் காட்சிக்கு வைக்க முடியாது, ஏனெனில் நம்முள் பெரும்பாலோர்க்கு அது இன்னும் கிடைக்கவில்லை. நிலத்தின் உறுதிப் பத்திரத்தையே சொல்கின்றோம். 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் கைச்சாத்திடாத நிலக் கைமாற்றம் செல்லாது. அரச நிலமாயின் அரசின் கையொப்பமும் முத்திரையும் பெற்ற அளிப்புப் பத்திரம் வேண்டும். மேடைகளில் ஏழு பேர்ச் என்றார்கள், பத்துப் பேர்ச் என்றார்கள். ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,906 சதுர அடி. அவ்வளவையும் எந்தத் தாளில் எவர் கையொப்பமிட்டுத் தந்தார் என்று கேளுங்கள். 2023-இல், வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்மவர் நடந்தபோது வழிநெடுகக் கேட்டதும் அதனையே. சாவி கொடுக்கும் விழாவிலே படம் எடுக்கிறார்கள். மாலை சூட்டியவரின் கையொப்பத்தையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள் நம் பிள்ளைகள், சட்டைப் புத்தகத்தில். தம்பிகளே, பத்திரத்தில் வாங்குங்கள்!

நேரமாகிறது. அமைப்பாளர் என்ற முறையில் ஒரு செய்தி சொல்லி அமர்கின்றோம்.

வாயிற்பக்கத்து மேசையில் எமது இளைஞர் இருவர் நகலெடுக்கும் கருவியோடு அமர்ந்துள்ளனர். துண்டு, பத்துச்சீட்டு, செக்ரோல் ஏடு, தொழிற்சங்கச் சந்தாப் புத்தகம், 1951-ஆம் ஆண்டு விண்ணப்பம், கப்பற்சீட்டு, ஊருக்குப் போன உறவினர் எழுதிய கடிதம், எதுவாயினும் கொண்டுவாருங்கள். நகலெடுத்து, தோட்டம், பிரிவு, ஆண்டு குறித்து, கையோடு திருப்பித் தருவார்கள். அசலை எவரிடமும் கொடுக்காதீர்கள், எம்மிடமும் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் தாளிட்டு ஒட்டிவிடாதீர்கள், மை போய்விடும். 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்தவற்றுள் மறுபிரதி இல்லாதவை எத்தனை! 2014-இல் மீரியபெத்தையில் மலை சரிந்தபோது மனிதரோடு தாள்களும் மண்ணுக்குள் போயின. ஆகவே நகல் ஓரிடத்திலும் அசல் ஓரிடத்திலும் இருக்கட்டும். அடுத்த ஞாயிறு கலஹா, அதற்கடுத்த ஞாயிறு தெல்தோட்டை, பின்னர்ப் புசல்லாவை.

டப்பாவுக்குரிய அம்மையார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அதனை எம்மிடம் ஒப்படைக்க அவர் இசையவில்லை; தாமே சுமந்து வந்தார். விரும்புவோர் அருகில் சென்று பார்க்கலாம். தொடுவதற்கு அவரிடம் கேளுங்கள். கலஹாவுக்குக் கடைசிப் பேருந்து எட்டேகாலுக்கு. அதற்குள் அவரை அனுப்பிவைக்க வேண்டும்.